பூட்டிய செட்டிநாட்டு வீட்டில் திருட்டு: புகார் கொடுப்பதிலிருந்து பொருள் கைக்கு வரும் வரை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகள் ஆண்டில் பத்து நாள்தான் திறந்திருக்கும். பொங்கலுக்கோ, முன்னோரை வணங்கும் படைப்புக்கோ வந்து திறக்கும்போதுதான் உள்வீட்டுப் (சாமான் வைக்கும் உள் அறை) பூட்டு உடைந்திருப்பது தெரியும். அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக நடக்கும். முதலில் வீட்டைக் கூட்டுவார்கள், பிறகு பங்காளிகள் கூடிப் பேசுவார்கள், நான்கு நாள் கழித்து ஸ்டேஷனுக்குப் போவார்கள். அங்கே "என்னென்ன போச்சு?" என்று கேட்டால் "பழைய பாத்திரம்" என்ற பதில்தான் வரும். வழக்கு அந்த இடத்திலேயே பாதி செத்துவிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஆகியவை நடைமுறையில் இருக்கின்றன. கீழே முதலாவதை பி.என்.எஸ். என்றும் இரண்டாவதை பி.என்.எஸ்.எஸ். என்றும் குறிப்பிடுகிறோம்.

1. திருட்டுக்கு முன்பே சிட்டை (பொருள் பட்டியல்) போடுங்கள்

பொருள் பிடிபட்டாலும் அது உங்களுடையதுதான் என்று காட்ட முடியாததால் திரும்பி வராமல் போனவை ஏராளம். பித்தளை அண்டா ஊரெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்கள் அண்டாவைத் தனியாகக் காட்டுவது அதன் விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் விலாசம், அதாவது குடும்பத்தின் பெயரெழுத்துகள். அந்தக் காலத்தில் தூக்குச்சட்டி முதல் குத்துவிளக்கு வரை விலாசம் வெட்டாமல் வீட்டுக்குள் ஏற்றவில்லை. அந்த மூன்று நான்கு எழுத்துகள்தான் இன்று உங்கள் முதல் சாட்சி.

அடுத்த முறை வீடு திறக்கும்போது ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படம் வேண்டும்: முழு உருவம், விலாசம் தெரியும் நெருக்கம், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. விலாசம் கறுத்துப்போய் எழுத்து தெரியாவிட்டால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் புள்ளிகளின் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். பித்தளை, வெள்ளிக்கு எடை. மங்குச் சாமானுக்கு (பீங்கான், எனாமல் பாத்திரம்) நிறம், பூ வேலை, சில்லு பெயர்ந்த இடம். பெல்ஜியம் கண்ணாடிக்குச் சட்டத்தின் நீள அகலமும் ரசம் போன இடமும். தேக்குக் கதவு, நிலை, தூணுக்கு உயரம், சுற்றளவு, செதுக்கு வேலை, பழைய ஆணித் துளை. ஒட்டுப்போட்ட இடம், நெளிவு, விரிசல் போன்ற குறைகளை விடாமல் எழுதுங்கள். அடையாளம் காட்டும்போது அழகைவிடக் குறைதான் கைகொடுக்கும்.

வீட்டின் எந்தக் கட்டில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி), எந்த உள்வீட்டில் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதிய பழைய சிட்டை வீட்டில் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். அந்தப் பொருள் எப்படி உங்கள் குடும்பத்துக்கு வந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள். அசல் கோப்பில்தான் எடுத்த தேதி பதிந்திருக்கும். இரண்டு பேரிடம் பிரதி இருக்கட்டும்.

2. எந்த ஸ்டேஷன் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள்

செட்டிநாடு என்பது ஒரே காவல் மாவட்டம் இல்லை. கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். அதை அடுத்துள்ள கடியாபட்டியும், ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டம். ஊர் பக்கத்தில் இருப்பதால் ஸ்டேஷனும் ஒன்றுதான் என்று எண்ணிக் கிளம்பினால் ஒரு நாள் வீணாகும். சரக ஸ்டேஷனின் பெயர், நேரடித் தொலைபேசி எண், எந்த டி.எஸ்.பி.யின் உட்கோட்டம் என்ற மூன்றையும் சாவி வைத்திருப்பவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து 100-ஐ அழைத்தால் கிடைக்காது. ஊரில் இருப்பவர்தான் பேச வேண்டும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது ஸ்டேஷனில் எழுத்து மூலம் சொல்லிவிட்டுப் போவதும் நல்லது. ரோந்துக் காவலர் வந்து கையெழுத்திடும் பட்டா புத்தகம் வீட்டில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். பூட்டு கடைசியாக நன்றாக இருந்த தேதிக்கு அந்தக் கையெழுத்தே ஆதாரமாகிவிடும்.

3. செய்தி வந்த முதல் ஒரு மணி நேரம்

பூட்டு உடைந்திருப்பதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஆச்சியாகவோ, தினம் விளக்கேற்ற வரும் அம்மாவாகவோ இருப்பார். அவர் பதறிப்போய் உள்ளே நுழைவது இயல்பு. நீங்கள் போனில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஆச்சி, கதவைத் தொடாதீங்க, உள்ள போகாதீங்க. திண்ணையிலயே இருங்க. 100-க்குப் போன் போடச் சொல்லிட்டேன், போலீஸ் வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க."

காரணம் தெளிவானது. கைரேகை கிடைக்கக்கூடிய இடங்கள் உடைந்த பூட்டு, பீரோக் கதவு, கண்ணாடி, வழவழப்பான மங்குச் சாமான். பத்து பேர் தொட்டபின் அதில் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆத்தங்குடித் தரையில் தூசு படிந்திருந்தால் கால் தடம் அச்சாக விழுந்திருக்கும். ஒரு முறை கூட்டினால் அதுவும் போச்சு. உடைந்த பூட்டை ஓரமாக எடுத்து வைப்பது, புதுப் பூட்டு போடுவது, சிதறிய பொருளை அடுக்குவது எல்லாம் போலீஸ் பார்த்து முடித்த பிறகுதான். முற்றத்தின் மேல் கம்பி, பின்கட்டுக் கதவு, கூரை ஓடு என்று திருடன் நுழைந்திருக்கக்கூடிய வழிகளையும் தொடாமல் விடுங்கள்.

4. புகார் மனு

யார் கொடுக்க வேண்டும் என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். எல்லாப் புள்ளிகளும் (வீட்டில் பங்குள்ள குடும்பங்கள்) கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. திருட்டு நடந்தது தெரிந்த எவரும் தகவல் கொடுக்கலாம். ஒரு பங்காளி போதும், வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் போதும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வரட்டும் என்று காத்திருந்தால் நாள்தான் ஓடும். பிறகு ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின்படி மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் தரலாம். ஆனால் தகவல் கொடுத்தவர் 3 நாளுக்குள் கையெழுத்திட்டால்தான் அது பதிவில் ஏறும். 3 நாளுக்குள் ஊர் வர முடியாதவர் தம் பெயரில் அனுப்பாமல், சாவி வைத்திருப்பவர் பெயரில் கொடுக்கச் செய்வதே சரி. எல்லை பார்க்காமல் சென்னை ஸ்டேஷனிலும் புகார் கொடுக்க அதே பிரிவு இடம் தருகிறது. அது பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றப்படும். ஆனாலும் தடயம் ஊரில் கிடப்பதால் நேரே அங்கே கொடுப்பதுதான் வேகம்.

மனுவில் வரிசை முக்கியம். இப்படி எழுதலாம்:

"நான் மேற்படி வீட்டின் பங்குதாரர்களில் ஒருவன். ___ தேதி மாலை 5 மணிக்கு வீட்டைப் பூட்டிச் சாவியை ___ என்பவரிடம் கொடுத்துச் சென்றோம். அப்போது இணைப்பில் கண்ட பொருள்கள் இரண்டாம் கட்டு இடப்பக்கம் மூன்றாவது உள்வீட்டில் இருந்தன. ___ தேதி காலை 7 மணிக்குப் பின்கட்டுக் கதவின் பூட்டு உடைந்திருப்பதை ___ பார்த்துத் தகவல் சொன்னார். இந்த இடைப்பட்ட காலத்தில் அடையாளம் தெரியாத நபர் அல்லது நபர்கள் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து பொருள்களைத் திருடிச் சென்றுள்ளனர்."

கடைசியாகப் பார்த்த தேதி, கண்டுபிடித்த தேதி இரண்டும் இருந்தாக வேண்டும். நடுவில் ஆறு மாதம் இருந்தாலும் பரவாயில்லை. ஊகித்து ஒரே தேதியை எழுதிவிட்டு, பிடிபட்டவன் அன்று வேறு ஊரில் இருந்தான் என்று தெரிய வந்தால் வழக்கு ஆடிப்போகும். "இரவில்" என்று தெரியாமல் எழுதுவதும் அப்படித்தான்.

மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். பாட்டி காலத்து அண்டாவுக்கு 500 ரூபாய் என்று அடக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டு இப்போது பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் அதைப் புலனாய்வு செய்ய முடியாது. எடையைப் போட்டு இன்றைய உலோக விலையைப் பெருக்கினாலே உண்மையான தொகை வந்துவிடும். அதே நேரம், போகாத பொருளைச் சேர்க்கவும் வேண்டாம். ஒரு பொய் அயிட்டம் பத்து உண்மையான அயிட்டங்களையும் சந்தேகத்துக்கு இழுத்துவிடும்.

பங்காளி மேல் சந்தேகம் என்றால் ஒரு எச்சரிக்கை. பொதுச் சொத்தை ஒரு பங்குதாரர் எடுத்துப் போனார் என்று எழுதினால் "சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பெயரைச் சொல்லிக் குற்றம்சாட்டாமல், யார் யாரிடம் சாவி இருந்தது, யார் எப்போது வந்து போனார்கள் என்ற உண்மைகளை மட்டும் எழுதுங்கள். விசாரித்து முடிவுக்கு வருவது போலீஸின் வேலை.

5. சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். அதில் சி.எஸ்.ஆர். எண் இருக்கும். அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. வழக்கு பதிந்தால்தான் குற்ற எண் கிடைக்கும். "கேஸ் போட்டாச்சு" என்று சொன்னால் குற்ற எண்ணைக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 173-ஆம் பிரிவே சொல்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்திலும் குற்ற எண்ணைக் கொடுத்து நகல் எடுக்கலாம்.

6. நகலில் என்ன பிரிவு போட்டிருக்கிறது?

இந்த ஒரு வரியை ஐந்து நிமிடம் உட்கார்ந்து படியுங்கள். வழக்கின் எடை இதில்தான் இருக்கிறது.

வெறும் பி.என்.எஸ். 303(2) என்றால் சாதாரணத் திருட்டு, 3 ஆண்டு வரை தண்டனை. பி.என்.எஸ். 305 என்றால் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு, 7 ஆண்டு வரை. பூட்டை உடைத்துப் புகுந்ததற்கு 331-ஆம் பிரிவு. திருடும் நோக்கத்தோடு பகலில் புகுந்தால் 331(3), 10 ஆண்டு வரை. சூரியன் மறைந்து உதிக்கும் முன் என்றால் 331(4), 14 ஆண்டு வரை. பூட்டு உடைந்த வீட்டுத் திருட்டுக்கு 305-உம் 331-உம் சேர்ந்து வருவதுதான் முறை.

"யாரும் குடியில்லாத வீடுதானே" என்று 303-ஐ மட்டும் போட்டால், 305-இன் வாசகத்தை எடுத்துக் காட்டுங்கள். மனிதர் வசிக்கும் கட்டடம் மட்டுமல்ல, பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடமும் அதில் அடக்கம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளுக்கு அந்த இரண்டாவது பாதிதான் உயிர்நாடி.

பிரிவு மாறினால் நடைமுறையும் மாறும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்திவிட்டுப் பிறகு பதிவதா என்று முடிவு செய்ய பி.என்.எஸ்.எஸ். 173(3) இடம் தருகிறது. 305-உம் 331(3), 331(4)-உம் அந்த வரம்புக்கு மேலே போய்விடுகின்றன. அங்கே 14 நாள் காத்திருப்புக்கு இடமில்லை.

நிலைக்கதவு, தூண், உத்தரம் போயிருந்தால் "அது கட்டடத்தின் பகுதி, திருட்டில் வராது" என்று யாராவது சொல்லக்கூடும். அது தவறு. தரையோடு இருக்கும்வரைதான் அது அசையாப் பொருள். பெயர்த்தெடுத்த நொடியிலேயே திருட்டுக்குரிய பொருளாகிவிடுகிறது என்று 303-இன் விளக்கத்திலேயே இருக்கிறது.

7. பதிய மறுத்தால்

கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றிய தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் இழுத்தடிப்பு நடக்கும். அப்போது படி தாண்டாமல் போங்கள்.

முதல் படி, புகாரின் சாரத்தை மாவட்ட எஸ்.பி.க்கு எழுதித் தபாலில் அனுப்புவது. சேர்ந்ததற்கான அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன் கீழ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி.க்கு எழுதாமல் நேராக நடுவரிடம் போனால் மனு தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். முந்தைய படியை முடித்ததற்கான சான்றை அங்கே கேட்பார்கள். எடுத்த எடுப்பில் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு ஓடுவது பணத்துக்கும் கேடு, காலத்துக்கும் கேடு.

8. மகஜரும் வாக்குமூலமும்

இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ வந்து வீட்டைப் பார்த்துப் பார்வை மகஜரும் (இடத்தில் கண்டதை எழுதும் பதிவு) மாதிரி வரைபடமும் தயாரிப்பார். கூடவே இருங்கள். முகப்பு, பட்டாலை, இரண்டாம் கட்டு, உள்வீடு எது எது என்று வெளியூர் அதிகாரிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. "உள்ளே உள்ள ரூம்" என்று எழுதினால், பதினாறு உள்வீட்டில் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எண் போட்டுச் சொல்லுங்கள்.

7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 176(3) சொல்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. கைரேகைப் பிரிவை வரவழைக்கும்படி மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தெருவில் யார் வீட்டு சிசிடிவி இருக்கிறது என்று அன்றே பாருங்கள். சில வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பதிவை உங்கள் செல்போனால் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு திருப்தியடையாதீர்கள். அசல் பதிவையும் அதற்குரிய சான்றிதழையும் போலீஸ் முறைப்படி வாங்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழைக் கேட்கிறது.

சாட்சி சொல்ல வேண்டியவர் வயதான ஆச்சி என்றால் அவரை ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை. பெண்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பணிவாக எடுத்துச் சொன்னாலே போதும்.

9. சிலை, தஞ்சாவூர் ஓவியம், சுவடி

100 ஆண்டு கடந்த கலைப் பொருள் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். உரிய அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சாமி அறைச் சிலையோ பழைய ஓவியமோ போயிருந்தால் புகாரில் வயதைத் தனியாகக் குறிப்பிட்டு, சென்னையில் உள்ள சிலை திருட்டு தடுப்புப் பிரிவுக்கும் படங்களோடு ஒரு நகல் அனுப்புங்கள். உலோகச் சிலைகள், பழைய ஓவியங்களை மத்திய தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் முன்பே பதிந்து வைத்திருந்தால், வெளிநாட்டில் தென்பட்டாலும் உரிமை கோர அந்தச் சான்று ஒன்றே போதிய பலம்.

10. தொண்ணூறு நாள், அதன் பிறகு

புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 193(3). நாள் கணக்கைக் காலண்டரில் குறித்து வைத்து, தெரிவிக்காவிட்டால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடித்தால் ஆர்.சி.எஸ். (போலீஸ் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் முடிப்பு அறிக்கை) நோட்டீஸ் வரும். பலர் அதை ஏதோ கோர்ட் காகிதம் என்று பீரோவில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆட்சேபத்தைக் கேட்காமல் நடுவர் அந்த அறிக்கையை ஏற்கக் கூடாது என்பது 1985-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. எடுக்காத கைரேகை, வாங்காத சிசிடிவி என்று விடுபட்டவற்றைக் குறிப்பிட்டு ஆட்சேப மனு போடலாம். காப்பீடு எடுத்திருந்தால் இந்த அறிக்கையின் நகல் அவர்களுக்கும் தேவைப்படும். பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் திருட்டுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை உண்டு. எடுக்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.

11. பொருள் பிடிபட்டால்

ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். கைப்பற்றிய பொருள் படிவம் 95-இல் ஏறி நீதிமன்றத்துக்குப் போகும். உங்களை அழைத்து அடையாளம் காட்டச் சொல்லும்போது சிட்டையும் படங்களும் கையில் இருக்க வேண்டும். முதலில் விலாசத்தைப் பாருங்கள். அதை அரம் போட்டு அழித்திருந்தால் நெளிவையும் ஒட்டையும் தேடுங்கள். உறுதியாகத் தெரியாத பொருளை உங்களுடையது என்று சொல்லாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒன்று தவறினால் மற்றவையும் ஆட்டம் காணும்.

பிறகு பி.என்.எஸ்.எஸ். 497-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால ஒப்படைப்பு மனு. பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல் தயாரித்துப் படம் எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிட வேண்டும் என்பது இன்றைய சட்டம். மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகல், படிவம் 95 நகல், சிட்டை, படங்கள், மற்றப் பங்காளிகளின் ஆட்சேபமில்லாக் கடிதம் ஆகியவற்றை வையுங்கள். புகாருக்கு எல்லாருடைய கையெழுத்தும் தேவையில்லை. இங்கே இருந்தால்தான் நல்லது. ஒரு பங்காளி எதிர்த்து நின்றால் அண்டா கோர்ட்டிலேயே கிடந்து பச்சை பூக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் கொடுத்து அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். இந்த நாள் தவறிப்போய்த் திரும்பவும் எழுதி வாங்கியவர்கள் பலர்.

ஒப்படைக்கும்போது நீதிமன்றம் பிணைப் பத்திரம் எழுதி வாங்கும். வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஈயம் பூசக் கொடுப்பது, பாலிஷ் போடுவது, உடைந்த கைப்பிடியைப் பற்றவைப்பது எதுவும் வேண்டாம். சாட்சிக் கூண்டில் நீங்கள் காட்டப்போவது அதே நெளிவையும் அதே விலாசத்தையும்தான். பொருளைத் திரும்பவும் அதே பூட்டிய உள்வீட்டில் வைக்காமல், ஆள் குடியிருக்கும் வீட்டில் வைத்திருங்கள்.